35 லட்சத்தில் ஒரு படம்: நண்பர்களின் பணத்தை வாங்கலாமா?

திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர் ஒன்பது பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். யாரும் அவரை அடையாளம் கண்டுகொள்ளாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 38. சென்னையில் 9 ஆண்டுகள் உதவி இயக்குநராகவும் இணை இயக்குநராகவும் இருந்தார். வேலை செய்த நான்கு படங்களில் இரண்டுதான் வெளிவந்தன. கொரோனா காலத்தில் ஊர் திரும்பியவர், இப்போது ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்க்கிறார். மறைந்த எழுத்தாளர் ஒருவரின் சிறுகதையைத் திரைக்கதையாக எழுதி வைத்திருக்கிறார். ஆட்டுக்கிடை போடும் ஒரு தாத்தாவும் பத்து வயதுப் பேத்தியும்தான் கதை. எழுத்தாளரின் மூத்த மகன் தொலைபேசியில், “தாராளமாக எடுங்கள் தம்பி” என்று சொல்லிவிட்டாராம்.

மொத்தச் செலவு 35 லட்சம் ரூபாய். 28 பேர் கொண்ட குழு, 24 நாள் படப்பிடிப்பு, 40 ஆடுகள். மனைவியின் நகையை அடகு வைத்து 8 லட்சம், ஊரில் அரிசி ஆலை வைத்திருப்பவரிடம் மூன்று வட்டிக்கு 10 லட்சம், பள்ளி, கல்லூரித் தோழர்களின் வாட்ஸ்அப் குழுவில் 68 பேரிடம் தலா 25,000 வீதம் 17 லட்சம். “ஒரே ஆண்டில் அசலும் 20 சதவீத லாபமும்” என்று அந்தக் குழுவில் அறிவித்திருக்கிறார். படக்குழுவில் யாருக்கும் இப்போது சம்பளம் இல்லை. படம் விற்றதும் கொடுப்பதாகப் பேச்சு. ஓடிடி தளம் 60 லட்சத்துக்கு வாங்கிவிடும் என்று நம்புகிறார். ஆலைக்காரரிடமிருந்து பணம் இன்னும் கைக்கு வரவில்லை. ஆனால் கையெழுத்திட்ட இரண்டு வெற்றுக் காசோலைகளைக் கொடுத்துவிட்டார்.

அவருடைய கேள்விகள் இரண்டு. நண்பர்களுக்கு ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் போதுமா? பணம் குறைந்தால் அப்பா பெயரில் இருக்கும் ஒன்றரை ஏக்கர் நிலத்தை வைக்கலாமா? கூடவே ஒரு வாதமும் வைக்கிறார்: “‘மந்தன்’ படத்துக்கு ஐந்து லட்சம் விவசாயிகள் ஆளுக்கு இரண்டு ரூபாய் போட்டார்கள். எனக்கு 68 பேர்தானே?”

அன்புள்ள நண்பருக்கு,

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய திரைக்கதையின் முதல் இருபது பக்கங்களைப் படித்தேன். விடியற்காலையில் பேத்தி ஆடுகளை எண்ணுகிறாள். ஒன்று குறைகிறது. விரலை மடக்கி மறுபடி எண்ணுகிறாள், மறுபடியும் குறைகிறது. தாத்தாவை எழுப்பாமல், தானே கிடையைச் சுற்றி நடக்கிறாள். வசனமே இல்லாத அந்த இரண்டு பக்கங்களைப் படித்தபோது இந்தப் படம் எடுக்கப்பட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. கறாராகப் பேசப் போவதும் அதனால்தான்.

திரைத்துறை ஒப்பந்தங்களைப் பார்க்கும் வழக்கறிஞராக 22 ஆண்டுகள் ஓடிவிட்டன. பணம் இல்லாமல் பாதியில் நின்ற படங்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தவை, முழுதாக முடிந்த பிறகு நின்றுபோனவை. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் ஹார்ட் டிஸ்க்கைத் தேங்காய்ப்பூத் துண்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு என் எதிரே உட்கார்ந்திருந்தார். படம் முடிந்திருந்தது, நன்றாகவும் இருந்தது. கதை அவருடைய அறைத் தோழருடையது. ஒரு வரிகூட எழுதி வாங்கவில்லை. நடுவில் இருவருக்கும் பேச்சு நின்றுவிட்டது. “சார், அவன் அப்போது சம்மதித்தான்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தச் சம்மதத்தைக் காட்ட அவர் கையில் எதுவும் இல்லை. படம் இன்றுவரை வெளிவரவில்லை.

கதை இன்னும் உங்களுடையது ஆகவில்லை

ஓர் எழுத்தாளரின் படைப்புக்கு, அவர் இறந்த பிறகும் 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. அந்த உரிமை மூத்த மகனுக்கு மட்டும் போய்ச் சேருவதில்லை. உயில் இல்லையென்றால் மனைவி, எல்லா மகன்கள், எல்லா மகள்கள் எல்லோருக்கும் பங்கு உண்டு. திருமணமாகி வெளியூரில் இருக்கும் மகளைக் கேட்கவே வேண்டாம் என்று நினைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. படம் வெளியாகும் வாரத்தில் முதல் நோட்டீஸ் அந்த மகளிடமிருந்துதான் வரும். அதில் நியாயமும் இருக்கும்.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். உரிமையாளர் கையெழுத்திட வேண்டும். தொலைபேசிச் சம்மதம் நல்ல மனதைக் காட்டுகிறது, உரிமையைத் தருவதில்லை. எழுதும்போது மூன்று இடங்களில் கவனமாக இருங்கள். எத்தனை ஆண்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள் மட்டும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்தெந்த நாடுகளுக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறுவிதமாக எழுதியிருந்தாலொழிய, அது காலாவதியாகிவிடும். உங்களைப் போன்றவர்களின் படங்களுக்கு மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகின்றன. எனவே இந்த மூன்றாவது விதிதான் உங்களுக்கு ஆபத்தானது. “பதிப்புரிமைக் காலம் முழுமைக்கும், உலகம் முழுவதற்கும், திரையரங்கு, தொலைக்காட்சி, இணையத் தளங்கள், மொழிமாற்றம், மறுஆக்கம் உட்பட, ஓராண்டில் பயன்படுத்தாவிட்டாலும் உரிமை நீடிக்கும்” என்று தெளிவாக எழுதுங்கள்.

அவர்களுக்கு ஒரு தொகை கொடுங்கள். பெரிய தொகை முடியாது என்றால் இப்போது ஒரு சிறு முன்பணமும், வருமானம் வந்தால் ஒரு பங்கும் என்று எழுதலாம். கதை எழுதியவரின் குடும்பத்துக்கு ஒன்றும் தராமல் அந்தக் கதையில் படம் எடுப்பது எனக்கு உவப்பாக இல்லை. அந்த எழுத்தாளர் பதிப்பகத்துக்கு ஏதாவது எழுதிக் கொடுத்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். அவருடைய படைப்புகளைத் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியிருந்தால் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை; முதலில் அதைப் பார்த்துவிடுங்கள்.

எழுத்தாளர் சங்கத்தில் திரைக்கதையைப் பதிவு செய்துவிட்டதால் கவலையில்லை என்கிறீர்கள். அந்தத் தேதியில் அந்தத் திரைக்கதை உங்களிடம் இருந்தது என்பதற்கு அது நல்ல சான்று. மூலக்கதையின் உரிமையை அது உங்களுக்குப் பெற்றுத் தராது.

பதினோராவது பக்கத்தில் டீக்கடை வானொலியில் எண்பதுகளின் திரைப்பாடல் ஒன்று ஒலிக்கிறது. இருபது நொடிதான் என்றாலும் ஒலிப்பதிவுக்கு ஒரு உரிமை, இசைக்கும் வரிகளுக்கும் வேறு உரிமை. உங்கள் மொத்தப் பட்ஜெட்டில் அதற்கு இடமில்லை. பேத்தியின் ஆத்தாவோ பக்கத்துக் காட்டுக்காரரோ பாடும் நாட்டுப்பாடல் ஒன்றை அங்கே வைத்துப் பாருங்கள். பாடுபவரிடம் எழுத்துச் சம்மதம் வாங்கினால் போதும்.

68 பேரின் 25,000

இனிச் சொல்லப்போவது கசப்பானது. வாட்ஸ்அப் குழுவில் போட்ட அந்த அறிவிப்பை இன்றே நீக்குங்கள். இனிப் பணம் வாங்க வேண்டாம். வாங்கியிருந்தால் வங்கி வழியாகத் திருப்பி அனுப்புங்கள்.

அசலைத் திருப்பித் தருவதாக வாக்குக் கொடுத்துப் பலரிடம் பணம் திரட்டுவதை நம் சட்டம் ‘டெபாசிட்’ என்று பார்க்கிறது. 2019ஆம் ஆண்டு வந்த ஒழுங்குமுறைப்படுத்தப்படாத டெபாசிட் திட்டத் தடைச் சட்டத்தின்கீழ், அப்படிப் பணம் கேட்பதும் வாங்குவதும் சிறைத்தண்டனைக்குரிய குற்றங்கள். தமிழ்நாட்டுக்கென்று 1997ஆம் ஆண்டு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. சீட்டு நிறுவனங்களும் நிதி நிறுவனங்களும் மக்களை ஏமாற்றியபோது வந்த சட்டம் அது. நீங்கள் ஏமாற்றுக்காரர் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் படம் ஓடாமல், 68 பேரில் ஒருவர் கோபத்தோடு பொருளாதாரக் குற்றப்பிரிவுக்குப் போனால், உங்கள் அறிவிப்பில் இருக்கும் “அசலும் 20 சதவீதமும்” என்ற சொற்கள்தான் முதலில் வாசிக்கப்படும். வெள்ளைத் தாளும் ரெவின்யூ ஸ்டாம்பும் உங்களைக் காப்பாற்றாது. நீங்கள் வாக்குக் கொடுத்ததற்கு அவையே சாட்சியாகிவிடும்.

‘மந்தன்’ பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1976இல் ஷ்யாம் பெனகல் எடுத்த அந்தப் படத்துக்கு குஜராத்தின் பால் உற்பத்தியாளர்கள் ஐந்து லட்சம் பேர் ஆளுக்கு 2 ரூபாய் போட்டது உண்மை. அவர்கள் ஏற்கெனவே ஒரு கூட்டுறவின் உறுப்பினர்கள். பணம் அந்த அமைப்பின் வழியே வந்தது. இழந்தால் ஒருவருக்குப் போவது இரண்டு ரூபாய். உங்கள் பட்டியலில் முதல் ஆளாகப் பணம் தர முன்வந்தவர், ஆட்டோ ஓட்டும் உங்கள் பள்ளித் தோழர் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருடைய 25,000 ரூபாயை அந்த இரண்டு ரூபாயோடு ஒப்பிடாதீர்கள்.

உங்களுக்கு நெருக்கமான முன்னுதாரணம் வேறொன்று உண்டு. மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாமும் அவருடைய ஒடேசா திரைப்படக் குழுவினரும் கேரளத்தில் ஊர் ஊராகப் படங்களைத் திரையிட்டு, மக்களிடம் கையேந்திப் பெற்ற பணத்தில் ‘அம்ம அறியான்’ படத்தை 1986இல் கொண்டுவந்தார்கள். கொடுத்தவர்கள் அதைத் திரும்ப எதிர்பார்த்துக் கொடுக்கவில்லை. சட்டத்தின் பார்வையிலும் எல்லாமே இந்த இடத்தில்தான் மாறுகிறது. திருப்பித் தருகிறேன் என்று சொல்லி வாங்கும் பணம் வேறு; திரும்பாது என்று தெரிந்தே ஒருவர் தரும் பணம் வேறு.

ஆகவே உங்கள் 68 பேரை இரண்டாகப் பிரியுங்கள். அந்தப் பட்டியலில் ஒரு பல் மருத்துவரும், ஒரு ஹார்டுவேர் கடைக்காரரும், இன்னும் நாலைந்து வசதியானவர்களும் இருக்கிறார்கள். முழுப் பணமும் போனாலும் வீட்டில் அடுப்பு அணையாது என்று சொல்லக்கூடியவர்களை மட்டும் கூட்டாளிகளாகச் சேருங்கள். வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மை, ஆடிட்டர்கள் எல்.எல்.பி. என்பது, உங்களுக்குப் பொருந்தும். கூட்டாளிகள் போடும் மூலதனம் டெபாசிட் ஆகாது. படம் நஷ்டமானால் பொதுவாக அவரவர் போட்ட பணத்தோடு இழப்பு நிற்கும். யார் வீட்டுக்கும் கடன்காரர் வரமாட்டார். படத்தின் உரிமை இந்த நிறுவனத்தின் பெயரில் இருக்க வேண்டும், ஏனென்றால் சட்டப்படி திரைப்படத்தின் முதல் உரிமையாளர் தயாரிப்பாளர்தான், இயக்குநர் அல்ல. இது பல இயக்குநர்களுக்கு அதிர்ச்சியாக இருக்கிறது. உங்கள் பங்கையும் இயக்குநர் என்ற முறையில் உங்களுக்குள்ள இறுதிப் படத்தொகுப்பு அதிகாரத்தையும் கூட்டாண்மை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

மற்றவர்கள் 500 ரூபாயோ 2,000 ரூபாயோ அன்பாகத் தரலாம். நன்றி அட்டையில் பெயர், ஊரில் முதல் திரையிடலுக்கு அழைப்பு. அதற்கு மேல் எந்த வாக்கும் கொடுக்காதீர்கள். இதற்கும் வருமான வரி உண்டு: உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு தனிநபருக்கு ஓராண்டில் வரும் அன்பளிப்புகள் மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத் தொகையும் வருமானமாகக் கருதப்படும். உங்கள் சேமிப்புக் கணக்கில் வாங்காமல், நிறுவனக் கணக்கில் எப்படி வரவு வைப்பது என்று ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நகை, நிலம், மூன்று வட்டி

“மனைவி சம்மதித்துவிட்டாள்” என்று ஒரே வரியில் கடந்துபோயிருக்கிறீர்கள். அந்த நகை சட்டப்படி அவருடைய சொத்து. 8 லட்சம் போடும் அவர்தான் உங்கள் முதல் முதலீட்டாளர். பல் மருத்துவரிடம் காட்டப்போகும் அதே வரவு செலவுத் திட்டத்தை, அதே பொறுமையோடு, முதலில் அவரிடம் காட்டுங்கள். இந்தப் பணம் திரும்பாமல் போகலாம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அதன் பிறகும் அவர் சரி என்றால், கூட்டாண்மையில் அவர் பெயரும் பங்கும் இருக்கட்டும். தயங்கினால் அந்தத் தயக்கத்தை மதியுங்கள்.

நிலத்தைத் தொடாதீர்கள். பூர்வீகச் சொத்து என்றால் உங்கள் தங்கைக்கும் அதில் சமபங்கு உண்டு. அப்பாவே சம்பாதித்தது என்றால் அது அவருடைய முதுமைக்கான காப்பு. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

மூன்று வட்டிக்கு வருகிறேன். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் என்றால் 10 லட்சத்துக்கு மாதம் 30,000. ஒரு படம் மக்களிடம் போய்ச்சேர எவ்வளவு காலம் ஆகும் என்பதற்கு, நம் காலத்தின் மிகச் சிறந்த உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ 2021 பிப்ரவரியில் நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவின் முதன்மை விருதான டைகர் விருதை வென்றது. ஆஸ்கருக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்டது. பின்னால் திரை நட்சத்திரங்களின் நிறுவனம் இருந்தது. அப்படியிருந்தும் அது ஓடிடியில் வந்தது 2023 அக்டோபரில். 32 மாதங்கள். உங்கள் ஆலைக்காரரின் கணக்கில் 32 மாத வட்டி மட்டும் 9 லட்சத்து 60 ஆயிரம். அசல் அப்படியே நிற்கும்.

அவர் ‘லேப் லெட்டர்’ கேட்டிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பிலிம் காலத்தில் நெகடிவ் லேபில் இருக்கும். கடன் கொடுத்தவரின் சம்மதம் இல்லாமல் பிரிண்ட் போடக் கூடாது என்று லேபுக்கு எழுதும் கடிதம் அது. இன்று நெகடிவ் இல்லை, பழக்கமும் பெயரும் தொடர்கின்றன. வெளியீட்டுக்கு முதல் நாள் நள்ளிரவில் ஒரு தயாரிப்பாளரோடு நான் நின்றிருக்கிறேன். மறுநாள் காலைக் காட்சிக்கு டிக்கெட் விற்றாகிவிட்டது. கடன் கொடுத்தவரின் ஆட்சேபமின்மைக் கடிதம் வரவில்லை. தயாரிப்பாளரின் மனைவி ஆட்டோவில் வந்து, தாலிக்கொடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். விடியற்காலை நான்கரைக்குக் கடிதம் வந்தது. அந்தக் காட்சியை இன்னொரு வீட்டுக்கு நான் விரும்பவில்லை. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலிருந்து கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது; ஆனால் அந்தச் சட்டம் காப்பாற்றும் என்று நம்பிக் கடன் வாங்குவது சரியான வழி இல்லை.

பேத்தியும் ஆடுகளும்

உங்கள் திட்டத்தில் நான் பார்த்த பெரிய ஓட்டை பணத்தில் இல்லை, நாட்களில் இருக்கிறது. ஒரு நாளைக்கு 12 மணி நேரப் படப்பிடிப்பு, பேத்தி இல்லாத காட்சியே கிடையாது. 14 வயதுக்குட்பட்ட குழந்தைக் கலைஞரை ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது; தொடர்ச்சியாக மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓய்வின்றி வைத்திருக்கக் கூடாது; தொடர்ந்து 27 நாட்களுக்கு மேல் ஈடுபடுத்தக் கூடாது. மாவட்ட ஆட்சியரின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். ஊதியத்தில் குறைந்தது 20 சதவீதத்தை அந்தக் குழந்தையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்பு நிதியாகப் போட வேண்டும். ஊர்க்காரர் மகள்தானே, நம் வீட்டுப் பிள்ளைதானே என்பதெல்லாம் விதிவிலக்கு ஆகாது.

24 நாள், நாளுக்கு ஐந்து மணி நேரம் என்றால் அந்தக் குழந்தையோடு உங்களுக்குக் கிடைப்பது 120 மணி நேரம். இதை வைத்துத் திரைக்கதையை மறுபடி பாருங்கள். தாத்தா தனியாக வரும் காட்சிகள், ஆடுகள் மட்டும் வரும் காட்சிகள், அவள் முதுகு மட்டும் தெரியும் தூரக்காட்சிகள் என்று பிரியுங்கள். காலை ஆறு முதல் எட்டரை, பிறகு மாலை வெயில் சாய்ந்ததும் இரண்டரை மணி நேரம். உச்சிவெயிலில் அவள் வீட்டில் தூங்கட்டும். மே விடுமுறைக்குள் முடித்துவிட்டால் பள்ளியும் கெடாது. உங்கள் ஒளிப்பதிவாளருக்கும் அந்த இரண்டு வேளை வெளிச்சம்தான் வேண்டியிருக்கும்.

ஆடுகளுக்கு வருவோம். திரைப்படத்தில் விலங்குகளைப் பயன்படுத்த இந்திய விலங்குகள் நல வாரியத்திடம் படப்பிடிப்புக்கு முன்பே அனுமதி பெற வேண்டும். முடிந்த பிறகு தடையில்லாச் சான்றும் வேண்டும். அது இல்லாமல் தணிக்கை வாரியத்தில் சான்றிதழ் கிடைப்பது கடினம். வாரியத்தின் அலுவலகம் முன்பு சென்னையில் இருந்தது. இப்போது ஹரியானாவின் பல்லப்கரில். கால்நடை மருத்துவரின் சான்றோடு விண்ணப்பித்து, பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். “ஊர் ஆடு மேய்வதைத்தானே எடுக்கிறேன்” என்று நினைத்து எடுத்துவிட்டு, பிறகு அலைந்தவர்களை எனக்குத் தெரியும். இறுதிக்காட்சியில் வரும் கிடாவெட்டை உண்மையான திருவிழாவிலேயே எடுக்கப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம், தணிக்கையில் அது நிற்காது. பேத்தியின் முகத்தையும் பறைச் சத்தத்தையும் வைத்தே அந்தக் காட்சியைச் சொல்லிவிடலாம் என்று ஒரு பார்வையாளனாக எனக்குத் தோன்றுகிறது.

குழுவின் சம்பளம்

28 பேரும் நட்புக்காக வருகிறார்கள் என்கிறீர்கள். ஒளிப்பதிவாளரும் படத்தொகுப்பாளரும் தங்கள் ஊதியத்தின் ஒரு பகுதியைத் தள்ளிவைக்கச் சம்மதிக்கலாம். அவர்களுக்கு இந்தப் படம் நாளை அடையாளம் தரும். விளக்குப் பிடிப்பவருக்கும், சமைப்பவருக்கும், வேன் ஓட்டுபவருக்கும் அது ஒன்றும் தராது. அவர்களுடைய அன்றைய கூலியை அன்றைக்கே கொடுங்கள். ஆடு கொடுத்த கீதாரிக்கும் அப்படியே. கேமராவுக்காக அவருடைய மந்தை ஒரு நாள் மேயாமல் நின்றால் அது அவருக்கு நஷ்டம்.

சினிமா தொழிலாளரோடு எழுத்து ஒப்பந்தம் வேண்டும் என்று 1981ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. எல்லோருக்கும் ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: எத்தனை நாள், எவ்வளவு, எப்போது. தள்ளிவைத்த சம்பளம் என்றால் “படம் விற்றதும்” என்று எழுதாதீர்கள். வரும் பணத்தில் முதலில் வெளியீட்டுச் செலவு, இரண்டாவதாகச் சம்பள பாக்கி, மூன்றாவதாகக் கூட்டாளிகளின் அசல், அதன் பிறகு லாபப் பங்கு என்று வரிசையை எழுதுங்கள். அசலுக்கு முன்னால் சம்பளம் வருவதைச் சில முதலீட்டாளர்கள் எதிர்ப்பார்கள். அங்கே விட்டுக்கொடுக்காதீர்கள்.

நான்கு நாள் கால்ஷீட் தருவதாகச் சொல்லியிருக்கும் அந்த அறிமுகமான நடிகரிடம் தேதிகள், டப்பிங், விளம்பரத்துக்கு அவர் வரும் நாட்கள் மூன்றையும் எழுதி வாங்குங்கள். தெருக்கூத்துக் கலைஞர்களிடமும் கிராமத்து மக்களிடமும் தமிழில், வாசித்துக் காட்டி, சம்மதக் கடிதம் பெறுங்கள். உங்கள் பட்ஜெட்டில் விபத்துக் காப்பீட்டுக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. மலையடிவாரத்தில் இரவுக் காட்சி, ஜெனரேட்டர், ஈரத்தரை. குழு முழுமைக்கும் காப்பீடு எடுக்காமல் முதல் நாள் தேங்காய் உடைக்காதீர்கள்.

அப்படியானால் பணத்துக்கு எங்கே போவது?

ஓடிடியின் 60 லட்சத்தைக் கணக்கிலிருந்து அழித்துவிடுங்கள். முகம் தெரியாத நடிகர்களின் படங்களுக்கு மொத்த விலை தருவதைத் தளங்கள் வெகுவாகக் குறைத்துவிட்டன. பார்க்கப்பட்ட நேரத்தைக் கணக்கிட்டுப் பங்கு தருவதே பல சிறு படங்களுக்குக் கிடைக்கிறது. தரமான சிறு முதலீட்டுப் படங்களுக்குத் தமிழக அரசின் மானியம் உண்டு, நெடுங்காலம் 7 லட்சம் ரூபாயாக இருந்து வந்தது. தேர்வுக்குழு பார்த்துத் தேர்ந்தெடுத்த பிறகே, அதுவும் தாமதமாகவே வரும். அது கிடைத்தால் கடனடைக்க உதவும், படமெடுக்க உதவாது.

உங்களுக்கு நான் பரிந்துரைப்பது படிப்படியான வழி. முதலில் அந்த ஆடு எண்ணும் காட்சியை மட்டும் எடுங்கள். ஆறு பேர், இரண்டு விடியற்காலை. குழந்தைக்கும் ஆடுகளுக்குமான அனுமதி இதற்கும் வேண்டும். எடுத்த அந்தக் காட்சி, கையெழுத்தான கதை உரிமை, ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த திரைக்கதை மூன்றும் இருந்தால் நீங்கள் கதவுகளைத் தட்டலாம். தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் 2007 முதல் கோவாவில் நவம்பர் மாதம் நடத்திவரும் ஃபிலிம் பஜாரில் (2025 முதல் வேவ்ஸ் ஃபிலிம் பஜார்), எடுக்கப்போகும் படங்களுக்குக் கூட்டுத் தயாரிப்புச் சந்தை இருக்கிறது; எடுத்துப் பாதியில் இருக்கும் படங்களுக்குத் தனிப் பட்டறை இருக்கிறது. அதே கழகம் முதல் பட இயக்குநர்களுக்கு நிதியும் தருகிறது. ராட்டர்டாம் விழாவின் ஹூபர்ட் பால்ஸ் நிதிக்கும் விண்ணப்பியுங்கள். கோயம்புத்தூரைச் சேர்ந்த அருண் கார்த்திக் அந்த நிதியின் துணையோடு எடுத்த ‘நசீர்’, 2020இல் அதே விழாவில் ஆசியப் படங்களுக்கான நெட்பேக் விருது பெற்றது. அங்கே யாரையும் தெரியாத எனக்கு இதெல்லாம் நடக்குமா என்று கேட்பீர்கள். எல்லோருக்கும் நடக்காது. ஆனால் விண்ணப்பித்துத் தோற்பதில் உங்கள் மனைவியின் நகை போகாது.

பட்ஜெட்டையும் திருத்துங்கள். சாப்பாட்டை மிக நன்றாகக் கணக்கிட்டிருக்கிறீர்கள்: 28 பேர், 24 நாள், 672 ஆள்நாள், தலைக்கு 250 ரூபாய், 1 லட்சத்து 68 ஆயிரம். இதே நுணுக்கம் படப்பிடிப்புக்குப் பிந்தைய பக்கத்தில் இல்லை. ஒலிக்கலவை, நிறத்திருத்தம், துணைத்தலைப்பு, திரையரங்கில் ஓட்டுவதற்கான டிஜிட்டல் பிரதி (டிசிபி), தணிக்கை, சுவரொட்டி எல்லாவற்றையும் சேர்த்து “இதர செலவு 4 லட்சம்” என்று ஒரே வரி. உங்கள் படத்தில் பாதி உயிர் ஒலியில் இருக்கிறது: ஆட்டு மணி, காற்று, தாத்தாவின் இருமல். ஐந்து நாள் படப்பிடிப்பைக் குறைத்தாவது அந்தப் பணத்தை ஒலிக்கு ஒதுக்குங்கள். ஆட்கள் 28 பேர் எதற்கு என்றும் எனக்குப் புரியவில்லை. பன்னிரண்டு, பதினைந்து பேரோடு இந்தக் கதையை எடுக்க முடியாதா என்று உங்கள் ஒளிப்பதிவாளரோடு உட்கார்ந்து பேசுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்பு ஒரு வேலை. ஆலைக்காரரிடம் கொடுத்த அந்த இரண்டு வெற்றுக் காசோலைகளை நாளைக் காலையிலேயே போய் வாங்கிவிடுங்கள். கடன் வாங்காத நிலையில் அவற்றை வைத்திருக்க அவருக்கு உரிமையில்லை. ஆனால் அவற்றில் ஒரு தொகையை எழுதி வங்கியில் போட்டு, பணமில்லாமல் திரும்பினால், கடன் வாங்கவில்லை என்று நிரூபிக்கும் சுமை பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும். மரியாதையாகப் பேசுங்கள், ஊர்ப் பெரியவர் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். இழுத்தடித்தால் அன்றே காசோலை எண்களைக் கொடுத்து வங்கியில் நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். கடன் எதுவும் பெறவில்லை என்பதைக் குறிப்பிட்டு அவருக்கு ஸ்பீடு போஸ்ட்டில் ஒரு கடிதம் அனுப்பி, அதன் நகலையும் ஒப்புகைச் சான்றையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தாளரின் வாரிசுகள் அனைவரின் பெயரும் தெரிந்ததும் எனக்கு எழுதுங்கள். கதை உரிமை ஒப்பந்தத்தின் வரைவை நான் கட்டணமின்றித் தயாரித்துத் தருகிறேன்.